பின் ஷொக் உடைஞ்சா கராஜ் போற வரைக்கும் சமாளிக்கிறது

ஒட்டுசுட்டான் பக்கம் நெல்லு மூட்டையோட வரேக்க எங்கட பிக்கப்பின்ர பின் ஷொக் அப்சோபர் கீழ்க் கண்ணோட (போல்ட் பூட்டுற வளையம்) முறிஞ்சு தொங்கிச்சு, அப்ப செய்ததைத்தான் சொல்லுறன். பாரத்தைத் தாங்குறது ஸ்பிரிங் தட்டுத்தான், ஷொக் ஆட்டத்தை அடக்கிறது மட்டும், அதால பின்பக்கம் எண்டா சமாளிக்கலாம். முன்பக்கம் ஷொக்கைச் சுத்திச் சுருள் ஸ்பிரிங் இருந்தா கை வைக்காதேங்கோ, ஸ்பிரிங் தெறிச்சா ஆளையே கொண்டுபோடும்.

முதல்ல மூட்டையை இறக்கி, முன் சில்லுக்குக் கல்லு வையுங்கோ. ஜக்கை மட்டும் நம்பிக் கீழ போகவே வேண்டாம், அச்சுக்குக் கீழ நல்ல பாலை மரக் குத்தி ஒண்டு குடுங்கோ. நட் துருப்பிடிச்சிருந்தா டீசல் ஊத்திக் கொஞ்ச நேரம் விட்டாக் கழரும்.

பழைய சாமான் கடையில வேற வாகனத்து ஷொக் எடுக்கிறதெண்டா கண்ணுக்குக் கண் அளந்து பாருங்கோ, முழுசா அமத்தினா பழசை விட நீளமா நிக்கக் கூடாது, நிண்டா குழியில விழேக்க அதுதான் முட்டி முறியும், இழுத்தா பழசளவு நீளவும் வேணும். கண்ணுக்குள்ள இருக்கிற றப்பர் புஷ்ஷின்ர ஓட்டை போல்ட்டை விடப் பெரிசெண்டா இரும்புக் குழாய்த் துண்டொண்டு இறுக்கமா உள்ளுக்கு விடலாம். நட்டைக் கடைசியா இறுக்கிறது சில்லு நிலத்தில நிண்ட பிறகுதான், இல்லாட்டி புஷ் றப்பர் முறுகிக் கிழியும்.

ஒண்டும் கிடைக்காட்டி முறிஞ்சதைக் கழட்டிப்போட்டு வெறுமையா, மெதுவா போங்கோ, தொங்க விட்டா பிரேக் குழாயில அடிக்கும். பிறகு ரெண்டு பக்கமும் சோடியாப் புதுசு போடுங்கோ.