மஞ்சள் வாட்ச்மேன் கோபிக்கு மணல் தரை அமைப்பது எப்படி?

கிரிப்டோசென்ட்ரஸ் சின்க்டஸ் என்ற இந்த மீன் உளுவை இனம். மேற்குப் பசிபிக்கில், ஆழம் குறைந்த காயல்களின் மணல் தரையில் பிஸ்டல் இறாலோடு (கொடுக்கைச் சொடுக்கி வெடிச் சத்தம் எழுப்பும் சிறு இறால்) ஒரே வளையில் குடியிருக்கும். வளை தோண்டுவது இறால். அதற்குப் பார்வை மங்கல் என்பதால் உணர்கொம்பை மீனின் மேல் வைத்தபடிதான் வெளியே வரும். ஆபத்து தெரிந்ததும் மீன் வாலைச் சொடுக்கும். இறால் உள்ளே பாய்ந்துவிடும். என்ன அழகான ஏற்பாடு! தொட்டியிலும் இதைப் பார்க்க வேண்டுமானால், தரையைச் சரியாக அமைக்க வேண்டும்.

மீன் சுமார் 10 செ.மீ. வளரும். ஒரு மீன், ஒரு இறாலுக்கு 100 லிட்டர் தொட்டி போதும். உயரமான தொட்டியைவிட அகலமானதே நல்லது.

முதலில் பாறைகளை நேரடியாக அடிக்கண்ணாடியில் ஆடாமல் ஊன்றுங்கள். மணலைப் போடுவது அதன் பிறகுதான். வரிசை மாறினால் இறால் அடியைத் தோண்டத் தோண்டப் பாறை சரியும். மீன் நசுங்கும், கண்ணாடியும் உடையலாம். மணல் 6 முதல் 8 செ.மீ. ஆழம் இருக்கட்டும். வெறும் நுண்மணலில் வளை நிற்காது, இடிந்துகொண்டே இருக்கும். உடைந்த பவளத் துண்டுகளையும் சிறு சிப்பி ஓடுகளையும் கலந்துவிடுங்கள். இறால் அவற்றை வைத்துக் கூரையும் வாசலும் கட்டிக்கொள்ளும். பவளங்களைத் தரையில் வைத்தால் மணல் மூடிவிடும், பாறைமேல் வையுங்கள்.

வெப்பநிலை 24–27 டிகிரி, நீரின் ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.025. கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகே உயிர்களை விடுங்கள். தாமிரம் கலந்த மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம், இறால் செத்துவிடும்.

மிரண்டால் இந்த மீன் துள்ளும். தொட்டிக்கு மேல் இடைவெளி இல்லாமல் வலை மூடி போடுங்கள். வயர் நுழையும் ஓட்டையையும் விடாதீர்கள்.

இரை தேடி மேலே வருவது அபூர்வம். உறைய வைத்த மைசிஸ் இறாலை உருக்கி, நீளக் குழாயால் வளை வாசலிலேயே தினம் ஒருமுறையோ இருமுறையோ கொடுங்கள். மிஞ்சியதை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

புதிதாக விட்ட மீன் பல நாள் கண்ணில் படாமலே இருக்கும். செத்துவிட்டதோ என்று பாறையைக் கிளறாதீர்கள். கட்டிய வளை இடிந்துபோகும். சந்தேகமாக இருந்தால் அம்மோனியாவைச் சோதியுங்கள். ஏறவில்லை என்றால் வழக்கம்போல வாசலில் இரை கொடுத்துக் காத்திருங்கள்.