பி.எட். கடன்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

பி.எட். படிக்கக் கல்விக் கடன் வாங்குபவர்கள், அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதற்கு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு), டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வு, காலியிடம் எல்லாம் கூடி வர வேண்டும். பக்கத்துத் தனியார் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர் கையில் வாங்கும் சம்பளத்தை விசாரியுங்கள்; அதுதான் உங்கள் கணக்கு.

ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 2 லட்சம் கடன், வட்டி 10% என்று வையுங்கள். படிப்பு 2 ஆண்டு, அதன்பின் ஓராண்டு தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடும்! மூன்றாம் ஆண்டு முடிவில் தனிவட்டியே 50,000. இரண்டரை லட்சத்தை 5 ஆண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 5,300. சம்பளம் 15,000 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

படிக்கும்போதும் அதன்பின் வரும் ஓராண்டிலும் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டினால் தவணை 4,250 அளவுக்கு இறங்கும். அதைவிட நல்லது, சைதாப்பேட்டை, லேடி வெலிங்டன் போன்ற அரசுக் கல்லூரிகளுக்கான கலந்தாய்வில் முதலில் முயல்வது. அங்கே கட்டணம் குறைவு, கடனே தேவைப்படாமல் போகலாம்.