ரிசைன் லெட்டர் கொடுக்கும் முன் பத்து வகுப்பு எடுத்துப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூரில் என் வீட்டுக்கு ஒரு தம்பி வந்தார். 26 வயது, ஓஎம்ஆரில் நல்ல வேலை. கையில் ஃபைல், அதற்குள் 120 மணி நேர ஆன்லைன் டெஃபல் சர்டிபிகேட், அதாவது வெளிநாட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி எடுத்ததற்கான காகிதம். முந்தின வெள்ளிக்கிழமைதான் ராஜினாமா கொடுத்திருக்கிறார். "மேடம், தாய்லாந்து போகலாமா, வியட்நாம் போகலாமா? எது பெட்டர்?" என்று கேட்டார்.

"இதுவரைக்கும் யாருக்காவது பாடம் எடுத்திருக்கீங்களா தம்பி?"

"ஆஃபீஸ்ல ஃப்ரெஷர்ஸுக்கு நாலஞ்சு செஷன் எடுத்திருக்கேன் மேடம்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2014-இல் நான் செய்ததை அப்படியே செய்துகொண்டிருக்கிறார். இந்த வருடத்தில் மட்டும் இவரைப் போல நான்கைந்து பேர் வந்துவிட்டார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பாஸ்போர்ட்டுக்கு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஊறுகாய் பாட்டிலை நன்றாக மூடுங்கள் என்பதெல்லாம் உங்கள் அம்மாவே சொல்வார். அவற்றை விட்டுவிட்டு, நானும் என்னிடம் வருகிறவர்களும் செய்யும் தப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"எனக்கு இங்கிலீஷ் நல்லா வரும், அதனால சொல்லிக்கொடுக்கவும் வரும்"

நான் அம்பத்தூரில் ஒரு கால் சென்டரில் நான்கு வருடம் இருந்தேன். கடைசி ஒன்றரை வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வாய்ஸ் டிரெயினிங் கொடுத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். வெளிநாட்டில் போய்ச் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவெடுக்க அதுவே போதும் என்று நினைத்தேன். ஏஜெண்டுக்கு 85,000 ரூபாய், டிக்கெட், சான்றிதழ்கள் உண்மையானவை என்று அரசு முத்திரை வாங்கிய செலவு, கைச்செலவுக்குக் கொஞ்சம் என்று எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. சீட்டு எடுத்த பணமும் அம்மாவின் இரண்டு வளையலும் அதில் போயின.

போய் இறங்கியது தாய்லாந்தின் வடகிழக்கில், ஈசான் என்று சொல்லும் பகுதியில், கோன் கேன் பக்கம் ஒரு சிறிய ஊர். காலை எட்டு மணிக்குக் கொடியேற்றி தேசிய கீதம். அது முடிந்ததும் மத்தயோம் 1, நம் ஊர்க் கணக்கில் ஏழாம் வகுப்பு. 42 பிள்ளைகள்.

எனக்குத் தெரிந்த மாதிரி பாடம் நடத்தினேன். வெள்ளைப் பலகையில் விதியை எழுதி, மூன்று உதாரணம் எழுதி, முக்கியமானவற்றுக்கு அடிக்கோடு போட்டு, பொறுமையாக விளக்கி, "அண்டர்ஸ்டேண்ட்?" என்று கேட்பேன். "யெஸ் டீச்சர்" என்று 42 குரலும் சேர்ந்து வரும். பெண் பிள்ளைகள் "கா" என்றும், பையன்கள் "க்ரப்" என்றும் சேர்த்துக்கொள்வார்கள். அது மரியாதைக்குச் சொல்வது, "புரிந்தது" என்பதற்கான பதில் இல்லை. இது எனக்குத் தெரியவே நாளாயிற்று. மூன்று வாரம் தினமும் திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

என்னோடு வகுப்பில் இருந்த தாய்லாந்து ஆசிரியை வயதில் பெரியவர், அதிகம் பேச மாட்டார். நான்காவது வாரம் ஒரு நோட்டை எடுத்து வந்து என் மேஜையில் திறந்து வைத்தார். கடைசி வரிசைப் பையன் ஒருவனுடையது. நான் பலகையில் எழுதியது அப்படியே இருந்தது. அடிக்கோடு, அம்புக்குறி, எல்லாம் இருந்த இடத்தில். ஓர் இடத்தில் நான் தப்பாக எழுதிவிட்டு விரலால் அழித்திருந்தேன். பலகையில் மை லேசாக இழுவிப் போயிருக்கும். அந்த இழுவலையும் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்து, தன் நோட்டில் கொண்டுவந்திருந்தான்.

அவன் எழுதவில்லை, வரைந்திருக்கிறான். அவனுக்கு ஆங்கில எழுத்தே கூட்டிப் படிக்கத் தெரியாது. மூன்று வாரமாக தினமும் அவன் முகத்தைப் பார்த்துத்தான் "அண்டர்ஸ்டேண்ட்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சென்னையில் நான் செய்தது என்ன என்று அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். டிரெயினிங்குக்கு வந்தவர்கள் எல்லோரும் பதினைந்து வருடம் இங்கிலீஷ் படித்தவர்கள். இருந்ததைத்தான் நான் கொஞ்சம் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அதிலும் யாருக்காவது பிடிபடவில்லை என்றால், சட்டென்று தமிழில் ஒரு வரி சொல்லிவிடுவேன். வகுப்பைத் தூக்கி நிறுத்தியது அந்த ஒரு வரிதான். கோன் கேனில் அது இல்லை.

பொது மொழியே இல்லாத இடத்தில் ஒரு மொழியைச் சொல்லிக்கொடுப்பது தனித் தொழில். "உங்கள் புத்தகத்தைத் திறந்து 14-ஆம் பக்கத்துக்குப் போய், பக்கத்தில் இருப்பவரோடு கலந்து பேசுங்கள்" என்று முழு வாக்கியமாகச் சொன்னால் ஒரு பிள்ளையும் அசையாது. புத்தகத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். "பேஜ் ஃபோர்ட்டீன்." இரண்டு பிள்ளைகளைக் கையால் சேர்த்துக் காட்ட வேண்டும். "யூ, யூ. டாக்." அவ்வளவுதான். "புரிந்ததா?" என்ற கேள்வியையே விட்டொழிக்க வேண்டும். "ஐ யூஸ்ட் டு லிவ் இன் சேலம்" என்று சொல்லிக்கொடுத்தால், "இப்போது நான் சேலத்தில் இருக்கிறேனா?" என்று கேட்க வேண்டும். "நோ" என்று வந்தால் பிள்ளைக்குப் பிடிபட்டிருக்கிறது. "யெஸ்" என்று வந்தால் தவறு நம் பக்கம், வேறு வழியில் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

இதைப் பழக எனக்கு ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு ஆயிற்று. இன்றும் எனக்கு ஆத்திரம் வருவது அதனால்தான். செலவழித்த பணத்தை இரண்டரை வருடத்தில் எடுத்துவிட்டேன், வளையலையும் மீட்டுவிட்டேன். அந்தப் பையனின் ஏழாம் வகுப்பை யார் திருப்பித் தருவது?

அதனால் வருகிறவர்களிடம் முதலில் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன். ராஜினாமா கொடுக்கும் முன், ஏஜெண்டுக்கு ஒரு ரூபாய் தரும் முன், சென்னையிலேயே பத்து வகுப்பு எடுங்கள். ஒவ்வொன்றும் 45 நிமிடம். தமிழ் தெரியாத, இங்கிலீஷும் தெரியாத ஒருவருக்கு எடுக்க வேண்டும். இந்த ஊரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. டிபன் கடையில் ஒடிசாப் பையன்கள் இருக்கிறார்கள், சௌகார்பேட்டையில் வங்காளத்து நகைத் தொழிலாளிகள் இருக்கிறார்கள், அபார்ட்மெண்ட் வாசலில் நேபாளத்து வாட்ச்மேன் நிற்கிறார். உங்களுக்கு இந்தி தெரிந்தால் அதையும் பேசக் கூடாது. கேட்டு, சம்மதித்தால், அவர்கள் வேலை முடிந்து ஓய்வாக இருக்கும் நேரத்தில் எடுங்கள். இனாமாகத் தருவதால் அக்கறை குறையக் கூடாது, நேரம் தவறக் கூடாது.

போனில் ரெக்கார்ட் செய்து, வீட்டுக்கு வந்து கேளுங்கள். 45 நிமிடத்தில் நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள், அவர் எத்தனை நிமிடம் பேசினார் என்று எழுதி வையுங்கள். எட்டாவது வகுப்புக்குக் கிளம்பும்போது மனம் எப்படி இருக்கிறது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். ஒரே "வாட் ஈஸ் திஸ்?"-ஐ இருபதாவது தடவை கேட்கும்போதும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தால், நீங்கள் இந்த வேலைக்கு ஆனவர். இங்கிலீஷ் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

பெரம்பூரிலிருந்து வந்த ஒரு பெண், பியூட்டி பார்லரில் வேலை செய்யும் இரண்டு அஸ்ஸாம் பெண்களுக்கு எடுத்தாள். நான்காவது வகுப்பில் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கூடைக் காய்கறியோடு போனாள். அதைக் கேட்டதும் இவள் தேறிவிடுவாள் என்று தெரிந்துவிட்டது. கல்லூரியில் பேச்சுப் போட்டிகளில் பரிசுகளாக வாங்கிய இன்னொரு தம்பி, மூன்றாவது வகுப்போடு நிறுத்திவிட்டு, "அக்கா, எனக்குப் பேசத்தான் புடிக்குது, கேக்கப் புடிக்கல" என்று மனம் விட்டுச் சொன்னார். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒன்றரை லட்சம் செலவழித்துக் கண்டுபிடிக்க வேண்டியதை மூன்று மாலைகளில் கண்டுபிடித்துவிட்டார்.

ஆன்லைன் சர்டிபிகேட் பற்றி ஒரு வார்த்தை. விசாவுக்கும் பள்ளிக்கும் அந்தக் காகிதம் தேவைப்படலாம், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த 120 மணி நேரத்தில் உயிருள்ள ஒரு மாணவர் முன்னால் நீங்கள் நிற்பது பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட இருக்காது. இங்கிலீஷ் ஆசிரியர்களுக்காக கேம்பிரிட்ஜ் நடத்தும் செல்டா பயிற்சியும் 120 மணி நேரம்தான். ஆனால் அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும், பின்னால் உட்கார்ந்து ஒருவர் மதிப்பிடுவார். விலை அதிகம். வித்தியாசம் அந்த 6 மணி நேரத்தில் இருக்கிறது.

நாட்டை ஆசையால் தேர்ந்தெடுப்பது

கொரியத் தொடர்கள் பார்த்துவிட்டு சியோல் என்று வருகிறார்கள். கொரியாவில் இங்கிலீஷ் ஆசிரியர்களுக்கான ஈ-2 விசா, பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என 7 நாட்டுக் குடிமக்களுக்கானது. அந்தப் பட்டியலில் நாம் இல்லை. ஜப்பான் பள்ளிகளில் மொழி கற்பிப்பதற்கான விசாவுக்கு, அந்த மொழி வழியாகவே 12 வருடம் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்தவர், பிற்பாடு எம்.ஏ. இங்கிலீஷ் முடித்திருந்தாலும் இந்தக் கணக்கில் இடிக்கும். வளைகுடாவில் உள்ள சிபிஎஸ்இ பள்ளிகள் பி.எட். கேட்கும். தாய்லாந்தில் பட்டம் வேண்டும், நம்மைப் போன்றவர்களிடம் டோயிக் அல்லது ஐயெல்ட்ஸ் என்ற இங்கிலீஷ் தேர்வின் மதிப்பெண்ணும் கேட்பார்கள்.

தகுதி எல்லாம் இருந்தும் விளம்பரத்தில் "நேட்டிவ் ஸ்பீக்கர்ஸ் ஒன்லி" என்று போட்டிருப்பார்கள், போட்டோ அனுப்பச் சொல்வார்கள். நான் வேலை பார்த்த பள்ளியில், அதே பாடம் எடுத்த வெள்ளைக்காரருக்கு என்னைவிட அதிகச் சம்பளம். பெற்றோர் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் அம்மா என்னைத் தாண்டிப் பார்த்து, இங்கிலீஷ் டீச்சர் எங்கே என்று கேட்டார். அநியாயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதை மனதில் போட்டுக்கொண்டு மறுநாள் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் முன் சிரித்த முகமாக நிற்க முடியுமா என்பதையும் இங்கேயே யோசித்துவிடுங்கள்.

டூரிஸ்டாகப் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பது

போகாதீர்கள். வொர்க் பெர்மிட் இல்லாமல் வகுப்பில் நின்றால் பிடிபடுவதும் அபராதம் கட்டுவதும் ஊருக்கு அனுப்பப்படுவதும் நீங்கள்தான், ஏஜெண்ட் இல்லை.

ஒரிஜினல் சர்டிபிகேட்

முத்திரைக்குக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். "நாங்களே பத்திரமா வச்சிருக்கோம்" என்று யார் சொன்னாலும் தராதீர்கள்.

இனிஷியலை அலட்சியமாக விடுவது

தமிழர்கள் பலருக்கும் வரும் சிக்கல் இது. மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, டெஃபல் சர்டிபிகேட்டில் வெறும் பெயர் மட்டும். மூன்றும் மூன்று ஆட்கள் என்று அயல்நாட்டு அதிகாரி நினைப்பதில் ஆச்சரியமில்லை. புதிதாக வாங்கும் எதிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதையே எழுத்துக்கு எழுத்து போடச் சொல்லுங்கள். பட்டச் சான்றிதழ் முதலில் மாநில உயர்கல்வித் துறை, பிறகு வெளியுறவு அமைச்சகம், தேவைப்பட்டால் அந்த நாட்டுத் தூதரகம் என்று வரிசையாகப் போக வேண்டும். நடுவில் பெயர் இடித்தால் மறுபடி முதலிலிருந்து. எனக்கு ஆறு வாரம் போயிற்று. அங்கே போன பிறகும், பள்ளியில் பாதிப் பேர் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

நாக்கைச் சுழற்றுவது

அமெரிக்க ஆக்சென்ட் வேண்டாம். நம் உச்சரிப்பில் கவனிக்க வேண்டியது வேறு. தாய்லாந்துப் பிள்ளைகள் சொல்லின் கடைசி மெய்யை விழுங்குவார்கள், "ரைஸ்" அவர்கள் வாயில் "ரை" ஆகிவிடும். நாம் அதற்கு நேர் எதிர். மெய்யில் முடிய விடாமல் ஓர் உகரத்தைக் கொண்டுபோய் ஒட்டுவோம், பஸ்ஸு, புக்கு. எனக்கு அந்தப் பழக்கம் இருப்பதே தெரியாது. 42 பிள்ளைகள் ஒரே குரலில் "புக்கு" என்று என்னைப் பார்த்துத் திருப்பிச் சொன்ன அன்றுதான் தெரிந்தது. இன்னொன்று, "ஐ ஹேவ் எ டவுட்." நம் ஊரில் அது சாதாரணக் கேள்வி. அந்தத் தாய்லாந்து ஆசிரியையிடம் அவர் போட்ட மதிப்பெண்ணைப் பற்றி அப்படிச் சொன்னேன். நான் அவரைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

கடனோடு போவது

தாய்லாந்துப் பள்ளி ஆண்டு மே நடுவில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஒப்பந்தம் 10 மாதமா 12 மாதமா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். 10 மாதம் என்றால் அந்தக் கோடை முழுக்கச் சம்பளம் கிடையாது, சென்னையில் வட்டி மட்டும் நிற்காமல் ஓடும். ஏஜெண்ட் 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்தவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். நான் 85,000 கொடுத்தேன், ரசீதே இல்லாமல்.

முதலில் சொன்ன ஓஎம்ஆர் தம்பிக்கு நோட்டீஸ் பீரியட் இன்னும் இருக்கிறது. ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியுமா என்று மேனேஜரிடம் கேட்கச் சொன்னேன், கேட்டிருக்கிறார். கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் வேலை செய்யும் ஒடிசாப் பையனிடம் பேசி, ராத்திரி ஒன்பதரைக்கு வகுப்பும் ஆரம்பித்துவிட்டார். நேற்று மூன்றாவது வகுப்பின் ரெக்கார்டிங் வந்தது. 45 நிமிடத்தில் 33 நிமிடம் இவரே பேசியிருக்கிறார். இன்னும் ஏழு வகுப்பு இருக்கிறது.