பழைய ராக்கெட் அடுக்கை வானில் பின்தொடர்வது எப்படி?

1992 டிசம்பரில் பைக்கானூரிலிருந்து ஏவப்பட்ட ஜெனித் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு (வேலை முடிந்ததும் கழன்றுவிட்ட மேல்பகுதி) இன்றும் சுமார் 840 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. விண்பொருள் பட்டியலில் இதன் எண் 22285. திருப்பவோ நிறுத்தவோ யாராலும் முடியாது. பெரியது, வெயில் பட்டால் நன்றாக மின்னும். முதல் பயிற்சிக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறோம்.

10×50 பைனாகுலர், ஸ்டாப்வாட்ச் உள்ள போன், ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருள் போட்ட லேப்டாப் போதும்.

படி 1: பாதைத் தரவு

விண்பொருள்களின் பாதைத் தரவு தரும் செலஸ்ட்ராக் இணையதளத்தில் 22285 என்று தேடுங்கள். பெயரில் 'ஆர்/பி' இருந்தால் ராக்கெட்டின் உடல்; 'டெப்' என்றால் உடைந்த துண்டு, பைனாகுலருக்குப் பெரும்பாலும் சிக்காது. கிடைக்கும் இரண்டு வரி எண்களுக்குப் பெயர் டிஎல்இ. முதல் வரியின் 19-வது இடத்தில் தேதி தொடங்கும்: 24045.5 என்றிருந்தால் 2024-இன் 45-வது நாள், அதாவது பிப்ரவரி 14, உலக நேரம் பகல் 12 மணி. மூன்று நாளைத் தாண்டிய தரவை விட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள்.

படி 2: எப்போது பார்ப்பது

எடுத்த தரவையும், உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை இரண்டு தசம இலக்கம் வரையும் ஸ்டெல்லேரியத்தில் கொடுங்கள். சூரியன் மறைந்து முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், அடிவானத்திலிருந்து 40 டிகிரிக்கு மேல் ஏறும் கடப்பாக (அது நம் வானைக் கடந்து போகும் ஒரு முறை) பாருங்கள். நமக்கு இருட்டிவிட்டாலும் மேலே அதற்கு வெயில் இருக்க வேண்டும். நள்ளிரவில் அது பூமியின் நிழலுக்குள் போய்விடும்.

அதிகம் பேர் தவறுவது நேரக் கணக்கில்தான். உலக நேரத்துடன் 5.30 மணி கூட்டினால் இந்திய நேரம். அதிகாலை 5 மணிக் கடப்பு, உலக நேரப்படி முந்தைய நாள் இரவு 11.30.

படி 3: நேரம் குறித்தல்

தலைக்கு மேலே அது நொடிக்கு அரை டிகிரி நகரும். பைனாகுலரின் பார்வைப் பரப்பைப் பத்துப் பதின்மூன்று நொடியில் கடந்துவிடும். துரத்தினால் கை நடுங்கும், நட்சத்திரமும் தவறும். பாதையை ஒட்டிய இரண்டு நட்சத்திரங்களை முன்பே தேர்ந்தெடுத்து, சுவரில் சாய்ந்து, பைனாகுலரை அங்கேயே நிறுத்திக் காத்திருங்கள். அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டை அது வெட்டும் கணத்தில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்துங்கள். சிவப்பும் பச்சையும் மினுக்கினால் அது விமானம்.

பிறகு ஸ்டெல்லேரியம் கணித்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். வேகம் நொடிக்கு சுமார் 7.4 கி.மீ. என்பதால், 5 நொடி வித்தியாசம் 37 கி.மீ. பிசகு. அவ்வளவு பிசகினால் முதலில் போன் கடிகாரத்தையும் தரவின் தேதியையும் சரிபாருங்கள். இரண்டும் சரியென்றால், முந்தி வருவதன் பொருள் சுவையானது: காற்றின் உராய்வில் தாழ்ந்த பொருள் தாமதிக்காது, சுற்றுவட்டம் சிறுத்துவிடுவதால் சீக்கிரமே வந்து சேரும். 840 கி.மீ. உயரத்தில் இந்த விளைவு மிகச் சிறியது, 400 கி.மீ.க்குத் தாழ்ந்த ராக்கெட் அடுக்குகளில் சில நாளிலேயே தெரியும்.

ஒளி ஏறி இறங்கினால் அது உருண்டுகொண்டே போகிறது. தொடர்ந்து 11 உச்சங்களை எண்ணி, முதலுக்கும் கடைசிக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பத்தால் வகுத்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் அதே அடுக்கை மறுபடி அளந்து பாருங்கள்.