பிரெஞ்சு தெரியாதவர்கள் ஜார்ஜ் பிராசன்ஸைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

பிரெஞ்சுப் பாடகரும் பாடலாசிரியருமான ஜார்ஜ் பிராசன்ஸின் பாடல்கள் பலவற்றில் அவருடைய கிதார், பியர் நிக்கோலாவின் டபுள் பாஸ், கனத்த குரல் ஆகியவற்றுக்கு மேல் எதுவும் இராது; பாட்டின் எடை முழுவதும் சொல்லின்மீதே இருக்கிறது. மெட்டை மட்டும் கேட்டுக்கொண்டு நான் பல மாதங்களை வீணாக்கினேன். பிறகு எனக்குப் பலன் தந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: அவர் வாழ்க்கையின் சில இடங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 1921இல் தென்கடற்கரைத் துறைமுகமான செட் நகரில், கொத்தனார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1943இல் கட்டாய உழைப்புக்காக ஜெர்மனியின் பாஸ்டோர்ஃப் விமான எஞ்சின் ஆலைக்கு அனுப்பப்பட்டு, அடுத்த ஆண்டு விடுப்பில் பாரிஸ் வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஃப்ளோரிமோன் சந்தில் ழான் என்னும் பெண்மணி அவரைத் தம் வீட்டில் ஒளித்துவைத்தார். அப்போது குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் இல்லாதிருந்த அந்த வீட்டில், புகழ் வந்த பின்னரும், 1966 வரை அவர் வாழ்ந்தார். 1952இல் தம் பாடல்களைப் பிறர் பாடட்டும் என்று கொண்டுபோனவரை, சிலவற்றை நீங்களே பாட வேண்டும் என்று மேடையேற்றியவர் பாடகி பத்தாஷு.

இரண்டாம் படி: ஒரே மெட்டில் அமைந்த இரண்டு பாடல்களை அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒன்று 'இல் நியா பா தமூர் எரோ'. கம்யூனிஸ்ட் கவிஞர் லூயி அரகோன் ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் எழுதிய காதல் கவிதை. மற்றொன்று 'லா பிரியேர்'. கத்தோலிக்கக் கவிஞர் பிரான்சிஸ் ழாமின் மரியாள் வேண்டுதல். கடவுள் நம்பிக்கையற்ற, அராஜகவாத இதழில் எழுதிய ஒருவர் இவ்விரண்டையும் ஒரே இசையில் பாட முடிந்ததற்குக் காரணம், பல்லவி நீங்கலாக இரண்டின் அடிகளும் பன்னிரண்டு அசைகள் (இங்கே ஒலிக்கும் ஒவ்வோர் உயிருக்கும் ஓரசை) கொண்டவை என்பதே. மேடைப் பதிவை விட ஒலிக்கூடப் பதிவையே பரிந்துரைக்கிறேன். கைதட்டல் சொல்லை விழுங்கிவிடும். வரிகளைத் திரையில் ஓடவிடாமல் தாளில் எழுதி, பென்சிலால் அசை பிரியுங்கள்.

மூன்றாம் படி: இங்கேதான் நான் நெடுநாள் சிக்கிக்கொண்டேன். பேச்சில் ஒலிக்காத இறுதி 'எ' பாட்டில் உயிர்பெறுகிறது. அரகோனின் முதலடியில் வரும் 'லோம்' (மனிதன்) பேச்சில் ஓரசை. அடுத்த சொல் 'நி' என்று மெய்யில் தொடங்குவதால் பாட்டில் அது 'லோ-மெ' என்று ஈரசையாகிறது. அடுத்து உயிர் வந்திருந்தால் அந்த 'எ' மறைந்திருக்கும். நம் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் போதும்: 'நாடு பெரிது' என்பதில் உகரம் நிற்கிறது, 'நாடில்லை' என்பதில் உயிர் வந்ததும் ஓடிவிடுகிறது. இதை அறியாமல் எண்ணிய நான் பதினொன்றோடு நின்று, பாடகர்தான் இழுத்துப் பாடுகிறார் என்று தவறாக நினைத்திருந்தேன்.

நான்காம் படி: அரகோன் கவிதையின் முழு வடிவத்தைத் தேடிப் படியுங்கள். நாட்டுப்பற்றைக் காதலோடு இணைக்கும் கடைசிப் பத்தியை பிராசன்ஸ் பாடாமல் விட்டுவிட்டார். அதனால் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தின் கவிதை ஒன்று தனித்த காதல் துயரமாக மாறிவிட்டது. எனக்கு அரகோனின் முழு வடிவமே நெருக்கமானது. ஆனாலும் மெட்டைக் கேட்கும்போது அந்த விடுபடலின் வலிமையை மறுக்க முடியவில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்துப் பயிற்சி செய்தவர்களில் சிலர், தங்களுக்குப் பதின்மூன்று வருகிறது என்று எழுதியிருந்தார்கள். அடியின் கடைசிச் சொல்லில் வரும் 'எ' காதில் விழுந்தாலும் கணக்கில் சேராது. அரகோனின் அதே முதலடியின் இறுதியிலுள்ள 'ஃபோர்ஸ்' (வலிமை) ஓரசைதான். இதை மூன்றாம் படியிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். அடியீற்று 'எ'யைப் பென்சிலால் அடித்துவிட்டு மீண்டும் எண்ணுங்கள், பன்னிரண்டு வரும்.