கணித விளையாட்டை வகுப்பறையில் பயன்படுத்துவது எப்படி?

கணினியில் ஆடும் கணித விளையாட்டைத் தேடத் தொடங்குமுன், மாணவர்கள் எந்தக் கருத்தில் தடுமாறுகிறார்கள் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கும் எனக்கு, ஆறாம் வகுப்பின் மூன்றாம் பருவத்தில் வரும் பின்னங்களும் முழுக்களும்தான் (பூச்சியத்துக்குக் கீழுள்ள குறை எண்களும் சேர்ந்த முழு எண்கள்) ஆண்டுதோறும் மிகுந்த உழைப்பைக் கேட்கும் பாடங்கள். மூன்றைவிட ஆறு பெரிது என்பதால் மூன்றில் ஒன்றைவிட ஆறில் ஒன்றே பெரியது என்று நம்பும் குழந்தைக்கு, கூட்டல் கணக்கை விரைவாகப் போடவைக்கும் விளையாட்டை எத்தனை நாள் கொடுத்தாலும் அந்த நம்பிக்கை மாறாது.

எண்ணோடு சேர்த்துப் படமோ எண்கோடோ தெரியும் விளையாட்டையே தேர்ந்தெடுங்கள். நேரக் கணக்கை நிறுத்திவைக்கும் வசதியும் இருக்க வேண்டும். கடிகாரம் ஓடினால் நிதானமாக யோசிக்கும் குழந்தை யோசிப்பதையே விட்டுவிடும். மாணவரின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்கும் தளங்களை நான் வகுப்பில் திறப்பதில்லை. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஃபெட் (PhET) தளத்தின் கணித விளையாட்டுகள் இலவசமானவை. அவற்றை விளையாட மாணவர்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை.

அவற்றில் பலவற்றைத் தரவிறக்கி இணையம் இல்லாமலே இயக்கலாம் என்பது மலைப் பள்ளிகளுக்குப் பெரிய உதவி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவதும் சிக்னல் அற்றுப்போவதும் இங்கே வழக்கம் என்பதால், வேண்டிய கோப்புகளை விடுமுறை நாளிலேயே பென்டிரைவில் சேர்த்து, மடிக்கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். மின்கலத்தையும் முதல்நாள் இரவே முழுமையாக ஏற்றிவிடுங்கள்.

முழுக்களைக் கற்பிக்க நீலகிரியின் குளிர்காலத்தைவிட நல்ல வாய்ப்பு அமையாது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே உள்ள உதகையிலும், அருகிலுள்ள தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களிலும், டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இறங்கி, புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடப்பதைக் குழந்தைகள் அறிவார்கள். ஆகவே கணினியைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்கிறேன்: விடியற்காலையில் −1 பாகை, பத்து மணிக்கு 9 பாகை என்றால் எத்தனை பாகை ஏறியிருக்கிறது? பெரும்பாலோர் எட்டு என்பார்கள். அப்போது தரையில் சுண்ணக்கட்டியால் எண்கோடு வரைந்து, ஒரு மாணவியை −1இல் நிற்கவைத்து 9 வரை நடக்கச் சொல்ல வேண்டும். வகுப்பு முழுவதும் காலடிகளை எண்ணும். முதல் அடியிலேயே அவள் பூச்சியத்தில் வந்து நிற்பதைக் கண்டதும், அந்த ஒன்றைக் கழிக்காமல் ஒன்பதோடு கூட்டிப் பத்து என்றிருக்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகே திரை. ஃபெட்டின் முழுக்கள் பகுதியில், உலக வரைபடத்தின்மீது வெப்பமானியை வைத்தால் அந்த இடத்தின் வெப்பநிலை எண்கோட்டில் புள்ளியாக விழும். தரையில் நடந்த கோடுதான் இது என்று குழந்தைகள் உடனே அடையாளம் காண்பார்கள்.

ஒரு கணினிக்கு இருவர் போதும். ஒருவர் சுட்டியைப் பிடிக்க, மற்றவர் ஒவ்வொரு விடைக்கும் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுத, ஐந்து கணக்குக்கு ஒருமுறை இடம் மாறட்டும். ஒரே ஒரு மடிக்கணினிதான் உண்டென்றால் திரையில் காட்டி, எல்லாரையும் சிலேட்டில் விடை எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லலாம். பாடவேளையில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் விளையாட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

பின்னங்களில்தான் அதிகக் கவனம் வேண்டும். எண்ணையும் படத்தையும் பொருத்தும் விளையாட்டில் ஒரு நிலையை முழு நட்சத்திரங்களோடு முடித்த மாணவர் ஒருவரை, முக்கால் பங்கைக் குறிப்பேட்டில் வரையச் சொன்னேன். வட்டத்தைப் பெரிதும் சிறிதுமாக நான்கு துண்டாக்கி, மூன்றுக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்தார். தவறு அவருடையதன்று. விளையாட்டு எப்போதும் சமமாகப் பிரித்த படத்தையே தருகிறது. பிரிக்கும் வேலை குழந்தையின் கைக்கு வருவதேயில்லை. திரையில் தெரியும் நட்சத்திரங்களை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் குறை எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அன்றுமுதல் பின்ன விளையாட்டுக்கு முன்பாகக் காகிதப் பட்டைகளைக் கொடுத்து மடிக்கச் சொல்கிறேன். ஒருமுறை மடித்தால் அரை, மறுமுறை மடித்தால் கால், அதையும் பாதியாக்கினால் அரைக்கால், இன்னும் ஒருமுறை மடித்தால் மாகாணி. அரைக்கால் என்ற பெயருக்குள்ளேயே காலில் பாதி என்ற பெருக்கல் இருக்கிறது. எட்டில் ஒன்று என்று சொல்லும்போது திகைக்கும் குழந்தைகள்கூட இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். நம் மொழி தந்த இந்தச் சொற்களை வகுப்பறைக்குள் மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு வாரம் கழித்து, திரை இல்லாமல், நான்கு கணக்குகளை மட்டும் தாளில் கொடுத்துப் பாருங்கள். அவற்றில் ஒன்றாவது குழந்தை தன் கையால் பிரித்து வரைய வேண்டியதாக இருக்கட்டும். அதில் பிழை செய்தவர்கள் பட்டையை மடித்து, அளவுகோலால் அளந்து சரிபார்த்த பிறகு, விளையாட்டின் அதே நிலைக்குத் திரும்பலாம்.