தொறு என்ற சொல்லில் இடறும் இடங்கள்

சென்ற மாதம் சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் வழியில், நடுகல் படிக்கக் கற்றுக்கொள்ளும் நான்கு இளைஞர்களுடன் ஒரு பகல் முழுவதும் நடந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளை அவர்கள் வரிசை மாறாமல் செய்தார்கள். கல்லில் சுண்ணாம்பு தேய்க்கக் கூடாது, சாய்ந்த வெயிலில் படிக்க வேண்டும் என்பவற்றை எல்லோரும் சொல்லித்தருகிறார்கள் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன். நான் எழுத வந்தது தொறு என்ற ஒரு சொல்லைப் பற்றி.

தொறு என்றால் பசுக்கூட்டம், அதாவது ஆநிரை. அதிலிருந்தே ஆயரைக் குறிக்கும் தொறுவர், ஆய்ச்சியைக் குறிக்கும் தொறுவி ஆகிய சொற்கள் வந்தன. தருமபுரி, செங்கம் பக்கங்களில் கிடைத்த பல்லவர் கால வட்டெழுத்து நடுகற்களில் 'தொறுக்கொண்ட ஞான்று', 'தொறு மீட்டுப் பட்டான்' என்ற தொடர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகளை மீட்கப் போய் உயிர்விட்ட ஒருவனுக்கு ஊரார் நட்ட கல் என்பது அவற்றின் செய்தி.

தோறும் என்று படிப்பது

தொறுவை 'ஒவ்வொரு முறையும்' என்ற பொருள் தரும் தோறும் என்று படித்துவிடுகிறார்கள். 'நவில்தொறும்', 'பயில்தொறும்' என்பவற்றில் உள்ள தொறும் வேறு. அது மற்றொரு சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டுதான் வரும். அடுத்து மீட்டு, கொண்டு என்பன போன்ற வினை வந்தால் அது மாடுதான்.

தொழு என்று திருத்துவது

இந்தப் பிழை இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் இதை அறியாமையால் யாரும் செய்வதில்லை, கொஞ்சம் படித்த பிறகே செய்கிறார்கள். தொறு என்பது பழக்கத்தில் இல்லாத சொல், தொழுவம் என்பது பாடநூலில் பார்த்த சொல், இரண்டும் மாட்டோடு தொடர்புடையவை. ஆகவே கல் வெட்டியவன் ழகரத்தை றகரமாக்கிவிட்டான் என்று முடிவுகட்டி, கல்லின் வாசகத்தைப் பார்த்தெழுதும் படியில் தொழு என்று எழுதிவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் எழுதினேன். எங்கள் பக்கத்தில் மாடு கட்டும் இடத்தைக் கட்டுத்தரை என்றுதான் சொல்வார்கள். தொழுவம் என்ற சொல்லைப் புத்தகத்தில் கற்ற பெருமை எனக்கு இருந்தது. வாழப்பாடிக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில் நின்ற கல்லைப் படியெடுத்தபோது, கல்லில் இருந்த எழுத்து எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. தெரிந்தும் 'தொழு மீட்டு' என்று எழுதினேன். திருத்தம் செய்திருப்பதாக ஓரத்தில் ஒரு குறிப்புக்கூட வைக்கவில்லை. அத்துடன் நில்லாமல், அந்த ஊரில் பெரிய மாட்டுத் தொழு ஒன்று இருந்ததென்றும் அதைப் பகைவர் கைப்பற்றினர் என்றும் ஆறு பக்கக் கட்டுரை ஒன்றையும் எழுதி, எனக்கு மூத்த ஒருவரிடம் காட்டினேன். அவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு, "ஏம்ப்பா, மாட்டை ஓட்டிக்கிட்டுப் போவாங்க, தொழுவத்தை எப்படி ஓட்டிக்கிட்டுப் போவாங்க?" என்று கேட்டார்.

கல்லை மறுபடி பார்க்கலாம் என்று நான் போவதற்குள் சில ஆண்டுகள் கழிந்துவிட்டன. இதற்கிடையில் அந்த வீரனை வேடியப்பனாக வழிபட்டுவந்த ஊரார், பக்தியோடு சிமெண்டு மேடை எழுப்பி, எனாமல் வண்ணம் பூசியிருந்தார்கள். எழுத்துள்ள கீழ்ப்பகுதி மேடைக்குள் புதைந்துபோயிருந்தது. அந்தக் கல்லின் வாசகத்துக்கு நானறிய எஞ்சியிருப்பது என் படி ஒன்றுதான். அதிலோ நான் திருத்திய எழுத்து இருக்கிறது. திருத்தியது அந்த ஓர் எழுத்தை மட்டுந்தானா என்று யாராவது கேட்டால், உறுதியாகப் பதில் சொல்ல என்னிடம் சான்று இல்லை.

இரண்டும் வெவ்வேறு வேர்கள் என்பதை அக்கம்பக்கத்து மொழிகளே காட்டிக்கொடுக்கின்றன. பழங்கன்னடத்தில் மாட்டுக்குத் துறு என்று பெயர்; ஆநிரை கவர்தலைக் கன்னட நடுகற்கள் துறுகோள் என்கின்றன. அந்த மொழி றகரத்துக்கும் ழகரத்துக்கும் தனித்தனி எழுத்துகளை வைத்திருந்த காலத்தில், இச்சொல் றகரத்தோடுதான் எழுதப்பட்டது. மாறாக, மலையாளத்தில் மாட்டுக்கொட்டகையைத் தொழுத்து என்கிறார்கள், அங்கே ழகரம் அசையாமல் நிற்கிறது. ஒரே பொருட்சூழலில் புழங்கும் இரு சொற்கள் ஒரே வேரில் பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

எல்லா இடத்திலும் தொறுவை எதிர்பார்ப்பது

செங்கத்தை அடுத்த எடுத்தனூர்க் கல்லில் எருமை என்றே வெளிப்படையாக எழுதியிருக்கிறது (கள்ளனைக் கடித்து நின்ற நாயையும் அக்கல் மறக்காமல் பதிவுசெய்கிறது). 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ் பிராமி நடுகல்லில் உள்ள சொல் ஆகோள், அதாவது ஆநிரை கவர்தல். ஆநிரை கவர்வதைப் பற்றிய, தொல்காப்பியத்தின் வெட்சித் துறைகளிலும் அதே சொல் வருகிறது. காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்பச் சொல் மாறும்.

மாடு என்றால் செல்வம், ஆகவே…

'மாடல்ல மற்றை யவை' என்ற 400ஆம் குறளைக் காட்டி, மாடு என்ற விலங்கின் பெயரே செல்வத்துக்கு ஆகிவந்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். அக்குறளில் மாடு செல்வத்தையே குறிக்கிறது. விலங்கைச் சொல்ல வரும்போது வள்ளுவர் ஆ என்றும் (560, 1066) பெற்றம் என்றும் (273) பகடு என்றும் (624) சொல்கிறார். எந்தப் பொருள் முந்தியது என்பதைத் தனியே நிறுவ வேண்டும். இலத்தீனில் மந்தையைக் குறித்த பெகு என்ற சொல்லிலிருந்து பணத்தைக் குறிக்கும் பெகூனியா பிறந்தது. ஆங்கிலத்தின் கேட்டில் என்ற சொல்லோ உடைமை என்ற பொருளிலிருந்து மாட்டுக்கு வந்தது. வழி இரு திசையிலும் உண்டு.

ஊர்ப்பெயரில் காளை தேடுவது

ஏற்காட்டை ஏறு, அதாவது காளை, உலவிய காடு என்று விளக்கினான் ஒரு மாணவன். ஆறு, ஆற்றுக்கரை ஆவதுபோல ஏறு, ஏற்றுக்காடு ஆகியிருக்க வேண்டும். வேண்டாம் இந்த வேலை.

பழைய மாவட்டப் பெயர்

தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அதற்கு முந்திய அறிக்கைகளில் சேலம் மாவட்டம் என்று குறித்த கல்லைத் தேடி ஏற்காட்டு அடிவாரத்தில் அலையாதீர்கள். அது அரூரிலோ பென்னாகரத்திலோ இருக்கக்கூடும்.